நந்தனார் படத்தில் வரும் வேதியர் எங்கிருந்து வந்தார்?

பெரியப்பா (காலை 6.50): அனைவருக்கும் வணக்கம். ஜெமினி நிறுவனத்தார் 1942இல் எடுத்த நந்தனார் படத்தின் இணைப்பை இங்கே அனுப்பியிருக்கிறேன். தண்டபாணி தேசிகரின் பாட்டைப் பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டும். நாயன்மார் சரித்திரத்தை உள்ளது உள்ளபடி காட்டிய படங்கள் நம்மிடம் மிகக் குறைவு. அவற்றுள் இது ஒன்று.

தேன்மொழி (காலை 10.05): பெரியப்பா, நானும் மகளும் உட்கார்ந்து பார்த்தோம். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுத்தான் சிதம்பரம் போகலாம் என்று பண்ணையாளான நந்தனாரிடம் அவருடைய ஆண்டையான வேதியர் சொல்வதும், ஒரே இரவில் வயல் முழுவதும் விளைந்து நிற்பதும் உண்மையாகவே நடந்தனவா என்று அவள் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

இளங்கோ (காலை 10.12): நடக்கவில்லை என்று சொல். இந்தப் படங்களைச் சரித்திரம் என்று அழைப்பதையே நாம் நிறுத்த வேண்டும். கதையைக் கதையென்று சொல்லிக் காட்டினால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

பெரியப்பா (காலை 10.20): இளங்கோ, அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். ஆனால் படம் எடுத்தவர்கள் தாங்களாக எதையும் புனையவில்லை. எல்லாம் பெரியபுராணத்தில் உள்ளதுதான். சேக்கிழார் சோழ அரசில் பொறுப்பு வகித்தவர். வாய்க்கு வந்ததை எழுதியவர் அல்லர்.

வாசுகி அத்தை (காலை 10.41): அண்ணா, அந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. நாற்பது வேலியும் இல்லை. ஒரே இரவில் விளைந்த நெல்லும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

நந்தனாரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதல் குறிப்பு, 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் உள்ள ஒரே ஓர் அடி. 'செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்' என்று வணங்கிவிட்டு அவர் அடுத்த அடியாருக்குப் போய்விடுகிறார். ஊர், குலம், தொழில் எதுவும் அங்கே இல்லை. பிறகு வந்த நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு பாடல் ஒதுக்குகிறார். ஆதனூர் என்ற ஊர்ப்பெயரும், தில்லைக் கூத்தன் அருளால் அவர் முனிவரானதும், தில்லை அந்தணர்களான மூவாயிரவர் கைகூப்பி நின்றதும் அந்தப் பாடலில் வருகின்றன; நெருப்பு வரவில்லை. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார்தாம் இதை முழு வரலாறாக விரிக்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தது, திருப்புன்கூரில் நந்தி விலகியது, தில்லையின் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தது, கனவு, தென்மதிலின் புறத்தே வளர்த்த தீயில் புகுந்து முப்புரிநூலோடு எழுந்தது, சன்னிதியில் மறைந்தது என எல்லாம் அவர் பாட்டில் உண்டு. அங்கே நந்தனாரைப் போகாதே என்று தடுக்கும் மனிதர் ஒருவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே நின்றுவிடுகிறார். ஆசை மேலிட்டு நாளைக்குப் போவேன் என்கிறார். நாட்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

படத்தில் நீங்கள் பார்த்த வேதியரைப் படைத்தவர், 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். கதாகாலட்சேபங்களின் வழியாக அது தமிழ்நாடு முழுவதும் பரவிவிட்டதால், திரைக்கு வந்தவர்கள் அவரைத்தான் பின்பற்றினார்கள். 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்திலும், மகாராஜபுரம் விசுவநாதய்யர் ஏற்றது இந்த வேதியர் வேடத்தைத்தான்.

செல்வம் மாமா (காலை 10.50): சுந்தராம்பாள் அம்மையாருக்கு அந்தப் படத்திற்காக ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்தார்கள் என்பதை என் தந்தையார் வியந்து வியந்து சொல்லுவார்.

பெரியப்பா (காலை 11.02): வாசுகி, அப்படியென்றால் பாரதியார் பொய் எழுதினார் என்கிறாயா? சிவபக்தியில் தோய்ந்த ஒரு மகானை நாம் அப்படிப் பேசலாமா?

வாசுகி அத்தை (காலை 11.20): பொய் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன், அண்ணா. அவர் வாழ்ந்த இடம் தஞ்சை வட்டாரம். அங்கே நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்களும், ஒரு நாள் ஊரைவிட்டுப் போவதற்குக்கூட அவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பெற்ற நிலக்கிழார்களும் அவர் கண்ணெதிரே இருந்தார்கள். அடிமை முறைக்குச் சட்டம் அளித்துவந்த ஏற்பை ஆங்கில அரசு 1843இல் நீக்கிய பிறகும் நடைமுறையில் அந்தக் கட்டு அறுந்துவிடவில்லை. ஆகவே, சுந்தரருக்கு முன் வாழ்ந்த நந்தனாருக்கு இப்படி ஓர் ஆண்டை இருந்தார் என்பதற்கு அந்த வேதியரைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சையில் ஒரு பண்ணையாள் கோயிலுக்குப் போக விரும்பினால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. படத்தில் சரித்திரம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, இந்தக் காட்சி எந்தக் காலத்தின் சரித்திரம் என்று கேட்பதுதான் பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இளங்கோ (காலை 11.31): அத்தை, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அதிலிருந்து நான் வேறொரு முடிவுக்கு வருகிறேன். சுந்தரருக்கும் சேக்கிழாருக்கும் இடையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உள்ளன. ஓர் அடி முழு வரலாறாக வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியில் எது செய்தி, எது கற்பனை என்று பிரிக்கவே முடியாதபோது, நாயன்மார் படம் எதற்கும் சரித்திர மதிப்பு இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்?

செல்வம் மாமா (பகல் 11.48): தம்பி, அவ்வளவு விரைவாக எல்லாவற்றையும் தள்ளிவிடாதே. சிறுத்தொண்டர் படைத்தலைவராக இருந்து வாதாபியை அழித்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். பல்லவன் நரசிம்மவர்மன் 642 அளவில் வாதாபியைக் கைப்பற்றியதற்கு அந்த ஊரிலேயே, இன்றைய பாதாமியிலேயே, அவனுடைய கல்வெட்டு இருக்கிறது. அதே புராணத்தில் பிள்ளைக்கறி வருகிறது. அதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்பதில் பொருள் இல்லை. சேக்கிழாருக்கு நூறாண்டுகளுக்கும் முன்பே தஞ்சைப் பெரிய கோயிலில் அப்பர், சம்பந்தர், சுந்தரர், சிறுத்தொண்டர் முதலானோருக்குச் செப்புத் திருமேனிகள் செய்து வைத்ததை இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. எனவே சேக்கிழார் எல்லாவற்றையும் தாமே புனைந்தார் என்று சொல்ல இயலாது. ஒரே வரலாற்றுக்குள் ஒரு பகுதி கல்லில் நிற்கும்; மறுபகுதி நிற்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

பெரியப்பா (பகல் 12.05): நன்றி, மாப்பிள்ளை. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்த செய்தியும் பின்னாளில் சேர்த்தது என்று இளங்கோ சொல்லக்கூடும். அதைத் திருவருட்செல்வரில் சிவாஜி நடித்த அப்பரைக் கண்டு நம்பியவன் அல்லன் நான். தேவாரத்தில் படித்து நம்பியவன்.

வாசுகி அத்தை (பகல் 12.14): அதில் அண்ணன் சொல்வது வலுவானது. திருநீலக்குடிப் பதிகத்தில், சமணர்கள் தம்மைக் கல்லோடு கட்டி நீரில் தள்ளியதாகவும், இறைவன் நாமம் சொல்லித் தாம் உய்ந்ததாகவும் அப்பரே பாடியிருக்கிறார். கல் மிதந்ததை நம்புவது ஒருவருடைய சமய உணர்வைப் பொறுத்தது. ஆனால் அந்தக் கொடுமை நடந்தது என்பதற்குப் பாதிக்கப்பட்டவரின் சொந்த வாக்குமூலம் இருக்கிறது. நந்தனார் பாடியதாக ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அவர் பேசியது எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை. என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

இதே அளவுகோலை நமக்குப் பிடிக்காத இடத்திலும் வைக்க வேண்டும். மதுரையில் சம்பந்தரிடம் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்பது புராணச் செய்தி. சம்பந்தரின் பதிகங்களில் அது இல்லை. பாண்டிய நாட்டில் அதற்குப் பின்னும் சமணம் செழித்திருந்தது. கழுகுமலைச் சிற்பங்களும், மதுரைக்கு அருகே சமணர் மலையில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளும், சித்தன்னவாசலில் 9ஆம் நூற்றாண்டில் நடந்த திருப்பணியும் அதைக் காட்டுகின்றன. இதை நாளை ஒருவர் படமாக எடுத்து, உண்மைச் சம்பவம் என்று முதல் காட்சியில் எழுதிப் போட்டால், இன்றும் நம்மோடு வாழும் தமிழ்ச் சமணர்கள் அதை எந்த மனத்தோடு பார்ப்பார்கள்? பக்திப் படத்தில் சான்று கேட்பது பக்தியைக் குறைப்பது என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா (பகல் 12.30): அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒன்றை நீங்கள் எல்லாரும் மறக்கிறீர்கள். 1942இல் இந்த நாட்டில் எத்தனை பேருக்குப் பெரியபுராணத்தைப் படிக்கும் எழுத்தறிவு இருந்தது? நந்தனார் என்ற பெயரை அவர்களுடைய வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது திரைப்படம். சான்றில்லாத காட்சியெல்லாம் வெட்டப்பட வேண்டும் என்றால் மிஞ்சுவது சுந்தரரின் ஓர் அடிதானே? அதை எப்படிப் படமாக எடுப்பது?

வாசுகி அத்தை (பகல் 12.47): வெட்டச் சொல்லவில்லை, அண்ணா. சேக்கிழாரை மட்டும் அப்படியே எடுத்திருந்தால், நந்தனாரைத் தடுத்த மனித முகம் ஒன்றுகூடத் திரையில் இருந்திருக்காது. அவர் தாமே தயங்கினார், இறைவன் அழைத்தான், தீயில் புகுந்தார் என்று படம் முடிந்திருக்கும். வேதியர் இருப்பதனால்தான் தடை என்பது ஒரு மனிதனின் கையில் இருந்த அதிகாரம் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. காலத்தையும் கவனியுங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 சூலை 8ஆம் நாள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் சுந்தராம்பாளின் படம். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னால் தேசிகரின் படம். கோயிலுக்குள் யார் போகலாம் என்ற வாதம் தெருவெங்கும் நடந்துகொண்டிருந்தபோது கொட்டகையில் அமர்ந்து நந்தனாரைப் பார்த்தவர்கள், பழைய கதையை மட்டுமா பார்த்திருப்பார்கள்?

இளங்கோ (பிற்பகல் 1.10): அத்தை, அந்தப் பெருமையை நான் முழுவதுமாகக் கொடுக்க மாட்டேன். கீர்த்தனையில் வேதியர் மனம் மாறி நந்தனாரின் காலில் விழுந்துவிடுகிறார். ஆண்டை திருந்திவிட்டார், இறைவன் ஏற்றுக்கொண்டான், எல்லாம் நிறைவாக முடிந்தது என்ற எண்ணத்தோடு மக்கள் எழுந்து போயிருப்பார்கள். உண்மையில் தஞ்சைப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான். அதுவும் காலில் விழுந்த ஆண்டைகள் கொடுத்ததன்று, உழவர் சங்கங்கள் போராடிப் பெற்றது. வேதியரின் கொடுமை உண்மையான தஞ்சையிலிருந்து வந்தது என்றால், அவருடைய மனமாற்றம் எங்கிருந்து வந்தது? சான்றில்லாத அற்புதம் என்று நான் கருதுவது விளைந்த நெல்லை அன்று, அந்த மனமாற்றத்தை.

தேன்மொழி (பிற்பகல் 1.16): இதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. தீ வளர்க்கும் காட்சியில் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்கு நான் என்ன சொல்வது?

இளங்கோ (பிற்பகல் 1.22): அவரை எரித்தே கொன்றிருப்பார்கள், அதை மறைக்கத்தான் சோதியில் கலந்தார் என்று எழுதினார்கள் என்பது என் கருத்து.

பெரியப்பா (பிற்பகல் 1.25): இதை என்னால் ஏற்க முடியாது, இளங்கோ. அது இறைவனின் அருள். அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவன் நான்.

வாசுகி அத்தை (பிற்பகல் 1.50): இளங்கோ, உன் ஐயம் நியாயமானது, பலருக்கும் எழுந்த ஐயம்தான். ஆனால் அதை நடந்த செய்தியாகச் சொல்வதற்கும் சான்று இல்லை. நெல் விளைந்ததற்குச் சான்று கேட்ட நீ இதற்கும் கேட்க வேண்டும். பாடலில் இருப்பது இவ்வளவே: தீ வளர்க்கச் சொல்லித் தில்லைவாழ் அந்தணர்களுக்குக் கனவில் கட்டளை வருகிறது, அவர் புகுந்து முனிவராக எழுகிறார், கோயிலுக்குள் சென்ற பின் அவரை யாரும் காணவில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நந்தனார் நந்தனாராகவே உள்ளே நுழைவதைச் சேக்கிழாரால் பாட இயலவில்லை. வேறு உருவம் கொடுத்த பிறகே அவரை வாயிலுக்குள் அழைத்துச் செல்ல முடிந்தது. அதே நூலில் பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருவாரூருக்கு வந்தபோது அவர் நுழைவதற்கென்று வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் கோயில் வாயில் யாருக்கெல்லாம் மூடியிருந்தது என்பதற்கு இந்த இரண்டு இடங்களும் பெரும் சான்று. அடியார்களை உயிராக நேசித்த ஒரு புலவர் அந்தத் தடையைத் தம் பாட்டில் எப்படிக் கடப்பது என்று திணறியிருக்கிறார் என்றே நான் படிக்கிறேன்.

தேன்மொழி, மகளிடம் இப்படிச் சொல்: நந்தனார் என்ற அடியார் வாழ்ந்தார் என்றும், மக்கள் அவரை மறக்கவில்லை என்றும் சொல். வேதியர் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு கவிஞர் சேர்த்த பாத்திரம். ஆனால் அவரைப் போன்ற ஆண்டைகள் உண்மையாகவே இருந்தார்கள். தீயைப் பற்றிப் பாட்டி ஒன்றும், மாமா ஒன்றும், பெரிய தாத்தா ஒன்றும் நினைக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல். பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

தேன்மொழி (பிற்பகல் 2.05): அப்படியே சொல்கிறேன், அத்தை. இப்படிப்பட்ட படங்களின் தொடக்கத்தில், இது இன்னாருடைய கீர்த்தனையைத் தழுவியது என்று தெளிவாகப் போட்டிருந்தால் பாதி வாதம் எழுந்திருக்காது. புதிதாக எடுப்பவர்களாவது அதைச் செய்ய வேண்டும்.

பெரியப்பா (மாலை 4.30): வாசுகி, சுந்தரரின் அடி, நம்பியின் பாடல், சேக்கிழாரின் பாடல்கள் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பதம் பிரித்து இங்கே அனுப்பு, யாழ்ப்பாணர் புராணத்தில் அந்த வாயில் வரும் இடத்தையும் சேர்த்துக்கொள். தீயைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. பாடல்களை எல்லாரும் படித்த பிறகு இளங்கோவிடம் அதைப் பற்றி மீண்டும் பேசுகிறேன்.

இளங்கோ (மாலை 4.42): படித்துவிட்டு வருகிறேன், பெரியப்பா.