செயல்சார் எம்.ஆர்.ஐ. படத்தில் மனம் தெரிகிறதா?

மாறன்:
காதல் இங்கே, பயம் அங்கே, கடவுள் நம்பிக்கை இந்த மூலையில் என்று மூளைப் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி வைத்து வரும் செய்திகளுக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும். நான் புள்ளியியல் படித்தவன். அந்தப் புள்ளிகள் எப்படி வருகின்றன என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்தப் படங்கள் செயல்சார் எம்.ஆர்.ஐ. என்ற முறையில், மூளை வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஸ்கேன் செய்து எடுக்கப்படுபவை. அது நரம்பு செல்களைப் பார்ப்பதில்லை, ரத்தத்தைப் பார்க்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப் புலத்தால் லேசாக ஈர்க்கப்படும், ஆக்சிஜன் ஏறியது ஈர்க்கப்படாது என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கொரியெலும் 1936இலேயே கண்டறிந்தார்கள். இந்த வேறுபாட்டை வைத்து மூளையைப் படம் பிடிக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் நரம்பு செல்லின் துடிப்பு மில்லி நொடிக் கணக்கில் முடிந்துவிடும். ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரவோ 5, 6 நொடி ஆகும். 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரக் கட்டத்துக்குள் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. சமிக்ஞையில் தெரியும் மாற்றம் ஒருசில சதவீதம்தான். அதன் மேல் கணக்குப் போட்டு, ஓர் எல்லைக்கோடு கிழித்து, கோட்டைத் தாண்டிய கட்டங்களுக்கு நிறம் பூசுகிறார்கள். அது புகைப்படமே அல்ல.

2009இல் கிரெய்க் பென்னெட் குழுவினர் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களுடைய உணர்ச்சி என்னவென்று அதனிடம் கேட்டார்கள். மீனின் மூளையிலும் புள்ளிகள் தெரிந்தன! 8,000 கட்டங்களைத் தனித்தனியாகச் சோதித்தால், ஆயிரத்தில் ஒன்று என்ற கடுமையான அளவுகோலில்கூட எட்டுக் கட்டங்கள் தற்செயலாகவே தேறிவிடும். மருத்துவத்தில் எம்.ஆர்.ஐ.யின் இடத்தை யாரும் மறுக்க முடியாது. மனத்தைப் படிக்கும் கருவி என்று மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.

யாழினி:
மாறன், மீன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பல சோதனைகளை ஒரே நேரத்தில் செய்வதற்கான புள்ளியியல் திருத்தத்தைச் சேர்த்ததும் அந்தப் புள்ளிகள் காணாமல் போயின. அதைச் சொல்லத்தான் அவர்கள் அந்தச் சோதனையையே செய்தார்கள். திருத்தாமல் கணக்குப் போடாதே என்பது அதன் பாடம்; கருவியைத் தூக்கிப் போடு என்பது அல்ல.

ரத்தத்தைத்தான் பார்க்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த ரத்தம் காரணமில்லாமல் பாய்வதில்லை. 2001இல் நிகோஸ் லோகோதெடிஸ் குழு, குரங்குகளின் மூளையில் மின்முனை பொருத்தி, அதே நேரத்தில் ஸ்கேனும் எடுத்தது. ரத்த சமிக்ஞையும் நரம்பு செல் கூட்டத்தின் மின் செயல்பாடும் ஒன்றையொன்று தொடர்ந்து போவதைக் காட்டியது.

நான் இந்தத் துறையில் இருப்பதற்குக் காரணமே 2006இல் ஏட்ரியன் ஓவன் குழு வெளியிட்ட ஆய்வு. சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதங்களாக எந்த உணர்வும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண். டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, உடல் அசைவைத் திட்டமிடும் பகுதியில் சமிக்ஞை எழுந்தது. வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னபோது, இடங்களை நினைவில் கொள்ளும் பகுதியில் எழுந்தது. நலமாக இருப்பவர்களின் படத்திலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதை என்னவென்று சொல்வீர்கள்?

மாறன்:
டென்னிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மூளை தானாகவே எதிர்வினை காட்டியிருக்கலாம். தூக்கத்திலும் மயக்கத்திலும்கூடச் சொற்களுக்கு மூளை ஓரளவு பதில் தருகிறது. அதை நனவு என்று எப்படிச் சொல்வது?

யாழினி:
தானாக எழும் எதிர்வினை சில நொடிகளில் அடங்கிவிடும். இங்கே 30 நொடி நீடித்தது, ஓய்வெடுக்கச் சொன்ன பிறகே நின்றது. 2010இல் 54 நோயாளிகளைச் சோதித்தபோது ஐந்து பேரால் இப்படிச் செய்ய முடிந்தது. அவர்களில் ஒருவர், ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்று நினைத்து, கேள்விகளுக்குப் பதிலே சொன்னார். அனிச்சைச் செயல் பதில் சொல்லுமா?

செங்கதிர்:
நான் ரேடியாலஜி மருத்துவர். மாறன் கிழிக்கும் கோடு எனக்கு உடன்பாடில்லை. மருத்துவ எம்.ஆர்.ஐ. உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, ஆராய்ச்சி எம்.ஆர்.ஐ. கதை விடுகிறது என்பதுபோல எழுதுகிறீர்கள். இரண்டிலும் படத்தை யாரோ ஒருவர் படித்தாக வேண்டும்.

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்பு ஏற்பட்ட முதல் மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். ஆனால் ரத்தம் கிடைக்காத செல்கள் வீங்கி, நீர் மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் போவதை டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. சில நிமிடங்களிலேயே பிடித்துவிடும். அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அவசர சிகிச்சையில் இதற்கு ஈடு இல்லை. ஆனாலும் அந்த வெண்மையை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு சொல்வதில்லை. பழைய பாதிப்பும் சில சமயம் அப்படியே ஒளிரும். நீரின் நகர்வைக் கணக்கிட்ட இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்து, அதே இடம் அதில் கருமையாக இருந்தால்தான் புதிய பாதிப்பு என்கிறோம்.

முதுகெலும்பில் கதை இன்னும் மோசம். 1994இல் வெளியான ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்திலாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் நோயல்ல.

மாறன்:
டாக்டர், நீங்கள் சொன்னதே எனக்குச் சாட்சி. உங்கள் முன்னால் நோயாளி இருக்கிறார். கையைத் தூக்கச் சொல்லலாம், வலி எங்கே என்று கேட்கலாம். படம் தவறினால் பிடிக்க வழி உண்டு. பயம் இந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதுபவரைப் பிடிக்க என்ன வழி?

2016இல் ஆண்டர்ஸ் எக்லண்ட் குழு, இந்தப் படங்களைக் கணக்கிடப் பலரும் பயன்படுத்தும் மென்பொருள்களைச் சோதித்தது. இல்லாத சமிக்ஞையை இருப்பதாகக் காட்டும் தவறு 5 சதவீதமாக இருக்க வேண்டியது, சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. 2020இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். பல கேள்விகளுக்குக் குழுவுக்குக் குழு முடிவு மாறியது. பொய் சொல்வதை இதில் கண்டுபிடிக்கலாம் என்று நீதிமன்றம் வரை போனார்கள். 2012இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தது. சரியாகத்தான் செய்தது.

யாழினி:
நீதிமன்றம் செய்தது சரி, அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நீங்கள் அடுக்கிய குறைகளைக் கண்டுபிடித்தவர்கள் யார்? இதே துறையினர்.

இரண்டு வகை ஆய்வுகளை நீங்கள் ஒன்றாகக் கலக்கிறீர்கள். விரலை அசைத்தால் மூளையில் எங்கே சமிக்ஞை எழுகிறது என்பது ஒருவருக்குள்ளேயே நடக்கும் ஒப்பீடு. மறுபடி மறுபடி எடுத்தாலும் அதே இடம்தான். ஒருவருடைய மூளை அமைப்பை வைத்து அவருடைய அறிவுத்திறனையோ குணத்தையோ மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வது வேறு. அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று 2022இல் ஒரு பெரிய ஆய்வே வந்தது. 20 பேரை வைத்துக்கொண்டு குணத்தை அளந்தவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். விரலசைவையும் டென்னிஸையும் அதே மூட்டையில் கட்டாதீர்கள்.

அல்லி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் உறவினர் ஒருவர் நினைவு திரும்பாமல் இருக்கிறார். ஓவன் சோதனையைப் போல ஒன்றைச் செய்து, எதுவும் தெரியாவிட்டால் அவருக்கு நனவு இல்லை என்றாகிவிடுமா?

யாழினி:
ஆகாது, அல்லி. நலமாக இருப்பவர்களிலேயே சிலருக்கு இந்தச் சோதனையில் சமிக்ஞை எழுவதில்லை. அவருக்குக் காது கேளாமல் இருக்கலாம், அந்த நேரத்தில் தூங்கியிருக்கலாம், மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி மட்டும் பழுதாகியிருக்கலாம். சமிக்ஞை எழுந்தால் அது பெரிய செய்தி. எழாவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

செங்கதிர்:
அறுவைச் சிகிச்சையிலும் இதே கதைதான். கட்டிக்குப் பக்கத்தில் கை அசைவுக்கான பகுதி இருக்கிறதா என்று பார்க்க, நோயாளியை ஸ்கேனருக்குள் விரல்களைத் தட்டச் சொல்கிறோம். 20 நொடி தட்டல், 20 நொடி ஓய்வு. ஆனால் கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் இயல்பாக விரிவதில்லை. நரம்பு செல்கள் வேலை செய்தாலும் படத்தில் அந்த இடம் வெறுமையாகத் தெரியலாம். அதனால்தான் பல அறுவை நிபுணர்கள் நோயாளியை விழிப்பு நிலையில் வைத்து, மின்முனையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்கிறார்கள்.

மாறன்:
அல்லிக்கு யாழினி சொன்ன பதிலை நானும் அப்படியே வழிமொழிகிறேன். என் கோபம் இதே இடத்தில்தான். நிறமில்லாத இடம் சும்மா கிடக்கிறது என்றுதான் வாசகர் நம்புகிறார். 2012இல் ஓர் ஆய்வில் மூன்று பேரை ஆளுக்கு நூறு முறை ஸ்கேன் செய்து, எளிமையான ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சராசரி எடுத்தார்கள். மூளையில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் மாற்றம் தெரிந்தது. செய்தியில் அச்சாகும் புள்ளி, கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது.

யாழினி:
அப்படியானால் கோட்டையும் சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள். எத்தனை பேர், எதோடு எதை ஒப்பிட்டார்கள், எந்தத் திருத்தம் செய்தார்கள் என்று படத்துக்குக் கீழே மூன்று வரி போதும். படத்தையே போடாதே என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.