டிரான்செக்ட் என்றால் என்ன, டேப்பை எந்தப் பக்கம் இழுப்பது?

சுரபுன்னை_22:
வணக்கம். முதுகலைத் தாவரவியல் ப்ராஜெக்டுக்காகப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் கணக்கெடுக்கிறேன். "டிரான்செக்ட் போடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வாய்க்கால் கரையை ஒட்டியே 50 மீட்டர் டேப்பை இழுத்துக் கட்டி, அதைத் தொடுகிற மரங்களை எழுதினேன், ஆரம்பம் முதல் கடைசி வரை சுரபுன்னைதான். உள்ளே வெண்கண்டல் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, தாளில் வரவில்லை. அகராதியில் பார்த்தால் 'குறுக்கே வெட்டுதல்' என்கிறது. அது தண்டை பிளேடால் சீவி மைக்ராஸ்கோப்பில் வைப்பது இல்லையா?

சேற்றுக்கால்:
டேப் சரி, திசைதான் தப்பு. லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே, 'செகாரே' என்றால் வெட்டு. எதைக் குறுக்கே வெட்டுவது? மாறிக்கொண்டே போகிற நிலத்தை. அப்படிக் குறுக்கே போகிற கணக்கெடுப்புக் கோடுதான் டிரான்செக்ட். பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரம் சுரபுன்னை, அதற்குப் பின்னால் வெண்கண்டல் என்று பட்டை பட்டையாக இருக்கிறது, நீங்கள் ஒரே பட்டைக்குள் நீளவாக்கில் போனால் வேறென்ன கிடைக்கும்? கரைக்குச் செங்கோணத்தில் உள்நோக்கி இழுங்கள்.

பழைய மாணவன்:
தண்டைச் சீவுவதும் அதே வேர்தான், 'செக்ஷன்' அங்கிருந்து வந்தது. 'டிசெக்ஷன்', 'பைசெக்ட்' எல்லாமே ஒரே குடும்பம். பூச்சிக்கு 'இன்செக்ட்' என்று பேர் வந்ததும் இப்படித்தான், உடம்பு வெட்டு வெட்டாக இருப்பதால் அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் 'என்டொமொன்' என்றார், லத்தீன்காரர்கள் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். அறுவை மருத்துவத்தில் நரம்பு முழுசாகக் குறுக்கே அறுபட்டால் 'டிரான்செக்ஷன்'. பாதி அறுபட்டால் அந்தப் பேர் மட்டும் போதாது, 'பகுதி' என்று சேர்த்துச் சொல்வார்கள்.

சுரபுன்னை_22:
இப்போது புரிகிறது, நன்றி அண்ணா. அப்போ ஒரு கோடு போதுமா? ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மரம் என்றும் கேட்கிறார்கள்.

சேற்றுக்கால்:
ஒன்று போதாது. கரையில் தொடங்கும் இடங்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுங்கள், உங்களுக்கு நடக்க வசதியான இடமாகப் பார்த்துப் பொறுக்கினால் கணக்கு ஒருபக்கம் சாயும். ஹெக்டேர் கணக்கு வேண்டுமென்றால் வெறும் கோடு உதவாது, பட்டை டிரான்செக்ட் போடுங்கள்: டேப்புக்கு இருபக்கமும் 5 மீட்டர் வரை நிற்கும் மரங்களை எண்ணினால் 50 மீட்டருக்கு 500 சதுர மீட்டர், வந்த எண்ணிக்கையை 20-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பட்டை டிரான்செக்டையும் சேர்த்துச் சராசரி எடுத்த பிறகு பெருக்குங்கள். அப்புறம், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மண்ணின் உப்பையும் அளந்து எழுதுங்கள், மரம் ஏன் மாறுகிறது என்று வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.

பழைய மாணவன்:
நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்க, படகுக்காரரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்க.