துவாலுவுக்கு உலக நாடுகள் செய்யும் உதவி கடைசியில் யார் கையில் நிற்கிறது?

செம்பனை_வாசல் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். என் மகள் படிவம் 4. புவியியலுக்குச் சிறு தீவு நாடு ஒன்றைப் பற்றி எழுதவேண்டும் என்று துவாலுவை எடுத்தாள். பசிபிக்கில் ஒன்பது தீவு, மொத்தம் 26 சதுர கிலோமீட்டர் நிலம், சுமார் 11,000 பேர். அவளுக்கு உதவி செய்ய உட்கார்ந்து இப்போது எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஆறு கிடையாது, நிலத்தடி நீர் உப்பு, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 2011இல் மழை பொய்த்து, அவசரநிலை அறிவித்து, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோய் இறக்கின.

இதைப் படித்ததும் நான் பிறந்த தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தண்ணீர் வடிகட்டி, யாரோ நல்ல மனதோடு கொடுத்தது, திறப்பு விழாவுக்கு மாலை எல்லாம் போட்டார்கள். எட்டே மாதத்தில் உள்ளே அடைத்துக்கொண்டது. மாற்ற 300 வெள்ளி (ரிங்கிட்). யார் கட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் அம்மா அதன் மேல் துணி காயப்போட்டார், நாங்கள் பழையபடி வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம்.

துவாலுவிலும் இதே கதைதானா? இல்லை, உருப்படியாக நின்றது ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராணி_மகன்

தங்கச்சி, நின்றது ஒன்று இருக்கிறது. துவாலு அறக்கட்டளை நிதி என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 1978இல் சுதந்திரம் கிடைத்த பிறகு அரசாங்கச் செலவுக்கே வருடா வருடம் வெளியே கேட்கவேண்டிய நிலை. 1987இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றும் பெரும்பங்கு போட்டு, ஜப்பானும் தென்கொரியாவும் கொஞ்சம் சேர்த்து, துவாலுவும் தன் பங்கைப் போட்டு, சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் இதைத் தொடங்கினார்கள். அசலில் கை வைக்கக்கூடாது, விலைவாசி ஏறினால் அசலும் அதற்கேற்ப ஏறவேண்டும், அதற்கு மேல் வரும் ஆதாயம்தான் இன்னொரு கணக்குக்குப் போகும், அரசாங்கம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நல்ல வருடத்தில் சேர்ந்தது கெட்ட வருடத்துக்கு ஆகும்.

இது நமக்குப் புதிதா? வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, நம் ஆட்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்ற காலத்தில், நம் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம்தான் முதலில். என் அப்பா சம்பள நாளில் அந்தப் பத்து வெள்ளியை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மளிகைக்கடைப் பாக்கியைக் கட்டுவார். துவாலுக்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டதால்தான் அந்த நிதி அவர்களுடையது.

தண்ணீர்க்காரன்

நான் மாலத்தீவில் ஒரு விடுதியில் மூன்று வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவன், அதனால் வடிகட்டி விஷயம் மட்டும் சொல்கிறேன். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரத்தில் உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு இருக்கிறது பாருங்கள், அதுதான் உயிர். முன்வடிகட்டியை ஒழுங்காக மாற்றாவிட்டால் சவ்வு சீக்கிரமே போய்விடும், புதுச் சவ்வு கப்பலில்தான் வரவேண்டும். கையில் உதிரிபாகமும் பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆளும் இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமும் இரும்புதான். 2014 டிசம்பரில் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் நன்னீர் நிலையத்தில் தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. அவசரத்துக்கு அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனால் அடுத்த தீவிபத்துக்கு என்ன செய்வது என்பதைக் கப்பல் தண்ணீர் தீர்க்காது.

அதனால்தான் பயிற்சி கொடுப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மலேசியாவே 1980 முதல் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் நடத்தி வளரும் நாட்டு அதிகாரிகளை இங்கே அழைத்துச் சொல்லிக் கொடுக்கிறது. இதையும் மகள் எழுதலாம்.

ரப்பர்_விதை

அண்ணன்கள் சொன்னது சரி, ஆனால் ‘உதவி’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுபாதை போடுவதற்குத் தீவின் மண்ணையே தோண்டியெடுத்தார்கள். அந்தக் குழிகளில் உப்புத்தண்ணீரும் குப்பையும் தேங்கிக் கிடக்க, மக்கள் அதன் ஓரத்திலேயே குடியிருந்தார்கள். 2015இல்தான் நியூசிலாந்து செலவில் நிரப்பினார்கள். எழுபது வருடம்! குழி தோண்டியது ஒருவர், மூடியது இன்னொருவர், இடையில் அனுபவித்தது தீவுக்காரர். கடல் மட்டம் உயர்வதும் அப்படித்தான். துவாலு விட்ட புகை எவ்வளவு இருக்கும்? வளரும் நாடுகளின் காலநிலை வேலைகளுக்குப் பணம் கொடுக்கும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியம் 3.6 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து, ஃபுனாஃபுட்டியில் ஏழு ஹெக்டேருக்கு மேல் புதுநிலம் மேடாக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை, ஆனால் அதை நான் தர்மமாகப் பார்க்கவில்லை, பாக்கியாகத்தான் பார்க்கிறேன்.

சூரை மீனையும் விடாதீர்கள். நிலம் 26 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் துவாலுவுக்கு உரிமையுள்ள கடல் மலேசிய நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முன்பெல்லாம் தனித்தனியாகப் பேசியதால் வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் கொடுத்ததுதான் விலை. நவுரு ஒப்பந்தத்தில் துவாலு உட்பட எட்டு பசிபிக் தீவு நாடுகள் சேர்ந்து, மீன்பிடி நாள்களை எண்ணி, ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் என்று நின்றபிறகுதான் வருமானம் ஏறியது. சின்ன நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒத்துழைப்பு இது, எனக்கு இதுதான் முதலிடம்.

கடைசியாக, ஆஸ்திரேலியாவோடு 2023 நவம்பரில் கையெழுத்தான ஃபாலெபிலி ஒப்பந்தம். வருடத்துக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேறலாம். கடல் உயர்ந்தாலும் துவாலு நாடாகவே நீடிக்கும் என்று ஆஸ்திரேலியா ஒப்புக்கொள்கிறது. அதே ஒப்பந்தத்தில், வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்வதென்றால் ஆஸ்திரேலியாவின் சம்மதமும் வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள் அக்கா.

செம்பனை_வாசல்

எல்லாருக்கும் நன்றி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். தலைப்பில் இருந்த ‘உதவி’யை அடித்துவிட்டு என்ன சொல் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். என் அப்பாவுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டேன், அந்தக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்குச் சீட்டு இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.

கிராணி_மகன்

பார்த்துவிட்டு வாருங்கள் தங்கச்சி. அப்புறம் புலாக்கா பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள், நம் சேப்பங்கிழங்கு வகைதான், குழி வெட்டி ஊற்றுநீரில் வளர்ப்பார்கள். இப்போது அந்தக் குழிக்குள் அடியிலிருந்து கடல்நீர் ஏறிக் கிழங்கு அழுகுகிறது. அங்குள்ள வீட்டுக்காரர்களுக்குக் கடல் முதலில் வருவது அந்த வழியாகத்தான்.