கிராஸ்பார் ஸ்விட்ச் 60 விழுக்காட்டில் நின்றுவிடுவது ஏன்?

வினா:
தலா 10 கிகாபிட் வேகத்தில் 16 போர்ட்டுகள் கொண்ட ஸ்விட்ச் ஒன்றை, நாமே நிரல்படுத்தக்கூடிய சில்லான எஃப்.பி.ஜி.ஏ.வில் வடிவமைத்து வருகிறேன். உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையும், நடுவில் எந்த உள்ளீட்டையும் எந்த வெளியீட்டோடும் இணைக்கும் கிராஸ்பாரும் வைத்துள்ளேன். எல்லா வெளியீடுகளுக்கும் சீராகப் பரவும்படி பாக்கெட்டுகளை அனுப்பினாலும், சிமுலேஷனில் கடத்துதிறன் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. கிராஸ்பாருக்குள் தடையே இல்லாதபோது இந்த இழப்பு எங்கே நேர்கிறது?

மறுமொழி 1:
தடை வரிசையின் முகப்பில் இருக்கிறது. முதலில் நிற்கும் பாக்கெட் 3ஆம் போர்ட்டுக்காகக் காத்திருந்தால், சும்மா கிடக்கும் 7ஆம் போர்ட்டுக்கு உரிய அடுத்த பாக்கெட்டும் அதன் பின்னால் நின்றே ஆக வேண்டும். போர்ட்டுகள் பெருகப் பெருக இவ்வமைப்பின் உச்சம் 2−√2, அதாவது 58.6 விழுக்காட்டை நெருங்கும் என்பது 1987இலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் சிமுலேஷன் சரியாகத்தான் ஓடுகிறது. ஒவ்வொரு உள்ளீட்டிலும் வெளியீட்டுக்கு ஒன்றாக 16 மெய்நிகர் வரிசைகளை வையுங்கள். அதற்காக 256 நினைவகங்கள் தேவையில்லை. உள்ளீட்டுக்கு ஒரு நினைவகமும் அதில் சுட்டிகளால் கோத்த பட்டியல்களும் போதும்.

மறுமொழி 2:
வரிசைகளைப் பிரித்ததும் சிக்கல், எந்த உள்ளீடு எந்த வெளியீட்டுக்கு அனுப்பலாம் எனத் தீர்மானிக்கும் ஷெட்யூலருக்கு இடம்பெயரும். வெளியீடுகள் சுழற்சி முறையில் அனுமதி தரும் ஐஸ்லிப் (iSLIP) முறையைக் கையாண்டால், தான் தந்த அனுமதியை உள்ளீடு ஏற்றுக்கொண்ட பிறகே வெளியீடு தன் சுழற்சிச் சுட்டியை நகர்த்த வேண்டும். அனுமதி தந்தவுடனே நகர்த்தினால் சுட்டிகள் யாவும் ஒன்றுபோல் சுழன்று ஒரே உள்ளீட்டை மொய்க்கத் தொடங்கிவிடும். 64 பைட் பாக்கெட்டுக்கு, ஈதர்நெட்டின் முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்தே, கிடைப்பது 67.2 நானோவினாடி மட்டுமே என்பதால், 156.25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் பத்துத் துடிப்புகளுக்குள் தீர்மானம் முடிந்தாக வேண்டும்.

மறுமொழி 3:
இந்த அளவுக்கு ஷெட்யூலரே தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு துடிப்பில் ஒரு பதிவும் ஒரு வாசிப்பும் செய்யும், எல்லாப் போர்ட்டுகளும் பகிரும் பொது நினைவகமே 16 போர்ட்டுகளைத் தாங்கும். ஆனால் அதன் அகலத்தை, அதாவது ஓர் அறையின் அளவை, 64 பைட்டாக வைக்காதீர்கள்: 64 பைட் பாக்கெட்டுகளுக்கு 238 மெகாஹெர்ட்ஸ் போதும், 65 பைட் வந்தாலோ ஒவ்வொன்றும் இரண்டு அறைகளைப் பிடித்து, தேவை 470 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். அகலம் 128 பைட்டானால் மிக மோசமான 129 பைட் நிலையிலும் 270க்குள் அடங்கும். நெரிசலான ஒரே வெளியீடு நினைவகம் முழுவதையும் விழுங்காமலிருக்க, எஞ்சியுள்ள இடத்துக்கேற்ப மாறும் வரம்பை ஒவ்வொரு வரிசைக்கும் விதியுங்கள்.