புதுப்பிப்பு: ரெய்டு 5-இல் இரண்டு டிஸ்க் போன பிறகு தரவு மீண்டது

நான்கு டிஸ்க் கொண்ட என் லினக்ஸ் ரெய்டு 5-இல் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு; ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும்) இரண்டு டிஸ்க் வெளியேறி, அரே, அதாவது அந்த டிஸ்க் தொகுப்பு, எழவே இல்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். தரவு கிட்டத்தட்ட முழுவதும் கிடைத்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "முதலில் நகல் எடுங்கள், அப்புறம் அரேயைத் தொடுங்கள்" என்ற யோசனைதான். லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியின் எக்ஸாமின் கட்டளையில் பார்த்தால், ஒரு டிஸ்க்கின் ஈவன்ட் எண்ணிக்கை (அரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) வெகுவாகப் பின்தங்கியிருந்தது. அது எப்போதோ விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, வெளியேறிய இன்னொரு டிஸ்க்கை, அதாவது ரீட் எரர் (படிக்கும்போது பிழை) தந்ததை, டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததை நகலெடுக்கும் கருவி) மூலம் புது டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். நடுவில் அது இரண்டு முறை தொங்கியது. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. 19 மணி நேரம் ஆனது, 48 கேபி மட்டும் படிக்க முடியவில்லை. பிறகு நகலையும் நல்ல இரண்டு டிஸ்க்குகளையும் வைத்து அசெம்பிள் ஃபோர்ஸ் (அரேயைக் கட்டாயமாக எழுப்பும் கட்டளை), அப்புறம் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் திறக்கும் ரீட்-ஒன்லி மவுண்ட். இரண்டு வீடியோ கோப்புகள் மட்டும் கெட்டிருந்தன.

அரேயைப் புதிதாக உருவாக்கும் 'கிரியேட்' கட்டளை வேண்டவே வேண்டாம் என்று தடுத்தவருக்குத் தனி நன்றி. அதைத்தான் ஓட்டவிருந்தேன். டிஸ்க் வரிசை தவறி ரீசிங்க் (பாரிட்டி எனும் மீட்புத் தரவைத் திரும்பக் கணக்கிட்டு எழுதுவது) ஓடியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

எதிர்பாராதது ஒன்று: முதலில் விழுந்த டிஸ்க் கெடவே இல்லை. டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் விவரத்தில் சிஆர்சி பிழைகள் (கேபிள் வழியே தரவு போகும்போது நேரும் பிழைகள்) மட்டும் ஏறியிருந்தன. சாட்டா கேபிளை மாற்றியதும் ஏறுவது நின்றுவிட்டது.