தாவர செல்லின் நடுவில் இருப்பது நுண்குமிழா, சாற்றறையா?

குழுவினருக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் 8ஆம் வகுப்புக்காக வரைந்துள்ள தாவர, விலங்கு செல்களின் சுவர்ப்படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். செல் சுவர், செல் சவ்வு, உட்கரு, பசுங்கணிகம் ஆகிய பெயர்களில் பிணக்கில்லை. இலங்கைப் பாடநூல்களின் 'இழைமணி' அழகிய சொல்லே என்றாலும், தேர்வுத்தாளில் வரப்போவது மைட்டோகாண்ட்ரியா என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன். செல்லுக்குள் பை போல் இருக்கும் வாக்குவோலுக்கு (vacuole) எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்பதில் மட்டும் உங்கள் தீர்ப்பு வேண்டும்; நம் பாடநூல் அதை 'நுண்குமிழ்' என்கிறது.

முதிர்ந்த தாவர செல்லின் கன அளவில் சில வேளை 90 விழுக்காடு வரை இடம்பிடிக்கும் ஒன்றை 'நுண்குமிழ்' என்று எழுத மனம் ஒப்பவில்லை. செல்லுக்குள் அதைவிடப் பெரியது வேறில்லை. அதற்கா 'நுண்' என்னும் அடை? குமிழ் என்றதும் பிள்ளைகள் உள்ளே காற்று இருப்பதாக எண்ணுவார்கள். இலங்கை வழக்கான 'புன்வெற்றிடம்' இலத்தீன் வேரின் வெறுமையை அப்படியே பெயர்த்து வைக்கிறது. அங்கே வெறுமை ஏது? நீரும் உப்புகளும் சர்க்கரையும், பல பூக்களில் நிறமியும் கரைந்த சாறு நிரம்பி, செல் சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் இலை விறைப்பாக நிற்கிறது. அண்ணா நகர் உழவர் சந்தையில் கீரைக்கட்டின் மேல் ஓயாமல் தண்ணீர் தெளிப்பது இந்த அழுத்தம் குறையாதிருக்கத்தான். ஆகவே 'சாற்றறை' என்று முன்மொழிகிறேன். சோறு 'சோற்றுப்பானை' ஆவது போல, சாறு என்னும் நெடில்தொடர்க் குற்றியலுகரமும் வேற்றுமைப் புணர்ச்சியில் றகரம் இரட்டும்.

'சாறுதலைக் கொண்டென' என்று புறநானூற்றில் சாறு விழாவைக் குறிப்பதை நம் குழுவின் புலவர் ஐயா முன்பே சுட்டியிருந்தார். சித்திரைத் திருவிழா ஊரில் அந்தப் பொருள் இனிக்கவே செய்கிறது. ஆனாலும் மாசி வீதியில் கரும்புச்சாறு குடிக்கும் பிள்ளை இங்கே மயங்காது. குழுவில் அம்மையார் ஒருவர் சொன்ன 'சாற்றுப்பை'யை ஏற்கத் தயங்குகிறேன். இரைப்பை, பித்தப்பை என உறுப்புகளின் வரிசையில் அதைச் சேர்த்துவிடுவார்கள்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். திருமங்கலத்தில் விலங்கியல் நடத்துபவன் என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு பெயரிட்ட செல்லையே முந்தைய தமிழ் நூல்கள் கண்ணறை என்றன. அறைக்குள் இன்னோர் அறை வேண்டுமா? அதைவிடப் பெரிய தடை அமீபா; அதிலும் வாக்குவோல்கள் உண்டு. அதன் உணவுக் குமிழில் இருப்பது விழுங்கிய இரை. சுருங்கும் குமிழில் இருப்பது வெளியேற்ற வேண்டிய மிகைநீர். இவற்றைச் சாற்றறை என்றால் பொருள் சிதையும். ஒரே கருத்துக்குத் தாவரத்தில் ஒரு சொல்லும் அமீபாவில் ஒரு சொல்லும் ஆள்வது மாணவருக்குச் சுமை. தூய்மையையும் நயத்தையும் காட்டிலும் பாடநூலோடு ஒத்துப்போவதே இப்போது தேவை.

மறுமொழி:

அமீபாவைப் பற்றிய தடை வலுவானது; அதை என்னால் கடக்க முடியவில்லை. தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் பாடநூல் சொல்லையே கேட்பதால், படத்தில் நுண்குமிழ் என்றே இருக்கும். தாவர செல்லின் கீழே மட்டும் 'சாறு நிரம்பியது' என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆனால் 'நுண்' என்னும் அடையை இன்னும் ஏற்கவில்லை. வெறுமனே 'குமிழ்' என்று வைத்தால் அமீபாவுக்கும் பொருந்துமே, யாருக்காவது மறுப்பு உண்டா? வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.