கர்னல் 6.8 வந்ததும் வைஃபை காணாமல் போனது (8821சிஇ)

தென்மேற்கு:
மடிக்கணினியில் இருப்பது 8821சிஇ வைஃபை சிப். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் 5.4 இருந்தபோது வெளியிலிருந்து டிரைவரின் மூலநிரலை இறக்கி டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது டிரைவரைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்யும் கருவி) வழியாக நிறுவியிருந்தேன், ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடியது. இப்போது உபுண்டுவை மேம்படுத்தியதில் கர்னல் 6.8 ஆகிவிட்டது, அமைப்புகளில் வைஃபை என்ற பகுதியே இல்லை. அதே டிரைவரை மறுபடி நிறுவினால் கம்பைல் ஆகும்போதே பிழை வந்து நின்றுவிடுகிறது. ஃபோனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டுத்தான் இதை எழுதுகிறேன். 6.8-க்குப் பொருந்தும் டிரைவர் எங்கே கிடைக்கும்?

நள்ளிரவு நிரல்:
கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கர்னல் இன்னும் இருந்தால் அதில் பூட் செய்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது.

மூன்றாம் வரி:
இன்றைக்கு அவசரம் என்றால் பழைய கர்னல் சரி. அதிலேயே தங்கச் சொல்லாதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது.

தென்மேற்கு, நீங்கள் டிரைவரே தேட வேண்டாம். 8821சிஇ-க்கான ஆதரவு 5.9-லேயே கர்னலுக்குள் வந்துவிட்டது, ஆர்டிடபிள்யூ88 என்ற பெயரில். கர்னலின் உள் ஃபங்ஷன்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அவற்றை மாற்றுகிறவர்கள் கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களையும் கூடவே திருத்திவிடுவார்கள், வெளியே இருப்பதை யாராவது தனியாக உட்கார்ந்து திருத்தினால்தான் உண்டு. உங்கள் பழைய டிரைவர் கம்பைல் ஆகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் உள்ளே இருப்பது ஏன் ஓடவில்லை? எனக்கு பிளாக்லிஸ்ட் மேல்தான் சந்தேகம். வெளி டிரைவரை நிறுவுகிறபோது இரண்டும் மோதக்கூடாது என்று உள் டிரைவரைத் தடுத்து ஒரு வரி எழுதச் சொல்வார்கள், மேம்படுத்தினாலும் அந்த வரி அப்படியே கிடக்கும். கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து ஓட்டுங்கள். வைஃபை கார்டுக்குக் கீழே 'கர்னல் மாட்யூல்ஸ்' வரி இருந்து, 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லையென்றால், டிரைவர் இருக்கிறது ஆனால் ஏற்றப்படவில்லை என்று பொருள். ஈடிசி-க்குள் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் அந்த பிளாக்லிஸ்ட் வரியைத் தேடி எடுத்துவிட்டு, டிகேஎம்எஸ்-லிருந்து பழையதையும் நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பை) புதுப்பித்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

கரிசல் மேகம்:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் சிப்புக்குக் கர்னலுக்குள் டிரைவர் இல்லாமல் டிகேஎம்எஸ்-தான் வழி என்றால், ஓடும் கர்னலின் அதே பதிப்புக்கு ஹெடர்ஸ் தொகுப்பு (டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுங்காகக் கம்பைல் ஆகியும் ஏற மறுத்தால் செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இல்லாத நிரலை ஏறவிடாத பாதுகாப்பு) தடுத்துக்கொண்டிருக்கலாம், அப்படியென்றால் டிகேஎம்எஸ் கையெழுத்திடும் சாவியை மோக்யூடில் என்ற கருவி கொண்டு பதிவு செய்ய வேண்டும். கர்னலோடு வரும் டிரைவர் ஏற்கெனவே கையெழுத்திட்டது என்பதால் இந்த வேலை கிடையாது.

தென்மேற்கு:
பிளாக்லிஸ்ட் வரிதான்! எடுத்ததும் வைஃபை வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இணைப்பு அறுந்து, திரும்பச் சேர நேரமாகிறது.

மூன்றாம் வரி:
மின்சேமிப்பாக இருக்கலாம். நெட்வொர்க்மேனேஜரில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வையுங்கள், அது மின்சேமிப்பை அணைத்துவிடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஆர்டிடபிள்யூ88 பிசிஐ மாட்யூலுக்கு ஏஎஸ்பிஎம்-ஐ (பிசிஐ இணைப்பின் மின்சேமிப்பை) முடக்கும் விருப்பம் ஒன்று உண்டு, அதை மோட்ப்ரோப்.டி-யில் எழுதலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.